ஈரத்தரையில உட்கார ஒரு துணி: ரப்பர் ஷீட்டோட கதை

இந்த எபிசோட்ல நாம எடுத்துக்கப் போறது பார்க்க ரொம்பச் சின்னப் பிரச்சினை. ஈரத்தரையில எப்படி உட்கார்றது?

கொல்லிமலையோ வால்பாறையோ, எங்கேயோ ஒரு இடத்துக்கு ஏறிப் போறீங்க. அப்பத்தான் மழை பெய்ஞ்சு விட்டிருக்கு. கால் வலிக்குது, பையில இருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்தாச்சு. உட்காரலாம்னு பார்த்தா புல்லு ஈரம், பாறை ஈரம், மரத்து வேர் ஈரம். பரவாயில்லைன்னு உட்கார்ந்தா, எழுந்திருக்கும்போது பேண்ட்டுக்குப் பின்னாடி பெரிய வட்டமா ஒரு கறை. பைக்ல ஊர் திரும்புற வரைக்கும் காயாது. ரெண்டு மூணு தடவை பட்டவங்க அடுத்த தடவை பையில ஒரு ஷீட்டை மடிச்சு வச்சுக்குவாங்க. சிலர் பழைய ஃப்ளெக்ஸ் பேனரே வச்சிருப்பாங்க. யாரோ ஒருத்தரோட பிறந்தநாள் வாழ்த்து மேல உட்கார்ந்துதான் நான் பல தடவை சாப்பிட்டிருக்கேன்.

அந்த ஷீட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஸ்காட்லாந்துல ஆரம்பிச்சு அமேசான், காங்கோ, மலாயான்னு சுத்தி, நாகப்பட்டினம் துறைமுகம் வழியா நம்ம ஊருக்குள்ளயும் வர்ற வரலாறு. ஜாலியா ஆரம்பிச்சாலும் போகப் போக அவ்வளவு ஜாலியா இருக்காது, முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல ஒரு கேள்வி. ஈரத்துல உட்கார்ந்தா ஏன் அவ்வளவு குளிருது? நம்ம துணி சூடா இருக்கிறதுக்குக் காரணம் நூல் இல்லை, நூலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கிற காத்து. காத்து வெப்பத்தைக் கடத்துறதுல படு சோம்பேறி. தண்ணி அதைவிட இருபது மடங்குக்கும் மேல வேகமாக் கடத்தும். துணி நனைஞ்சா காத்து இருந்த இடத்துல தண்ணி வந்து உட்கார்ந்துடுது. போதாததுக்கு நம்ம எடை வேற துணியை நசுக்கி, மிச்சம் இருக்கிற காத்தையும் வெளியே தள்ளிடுது. உடம்புச் சூடு நேரா பாறைக்குள்ள இறங்குது.

ஆக, ரெண்டு வேலை நடக்கணும். கீழே இருந்து ஈரம் மேல வரக்கூடாது, மேல இருந்து சூடு கீழே போகக்கூடாது. ரெண்டாவது வேலைக்கு மனுஷன் எப்பவோ வழி கண்டுபிடிச்சுட்டான்: வைக்கோல், ஆட்டுத்தோல், கம்பளி, கோரைப்பாய். முதல் வேலைதான் ஆயிரக்கணக்கான வருஷமாத் தலைவலி. தோலும் கம்பளியும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் தண்ணியைக் குடிச்சிட்டுக் கனத்துப்போகும். ஐரோப்பியக் கப்பல்காரங்க பாய்மரத்துணியில ஆளிவிதை எண்ணெயைத் தடவிப் பார்த்தாங்க, தாரைத் தடவிப் பார்த்தாங்க. இங்கிலீஷ்ல டார்பாலின்ங்கிற வார்த்தையே தார்ல இருந்து வந்ததுதான். அது நம்ம வாய்க்குள்ள வந்ததும் ‘தார்ப்பாய்’ ஆயிடுச்சு. கடன் வாங்கின வார்த்தைன்னே தெரியாத அளவுக்கு அவ்வளவு பொருத்தமா உட்கார்ந்திருக்கு! ஆனா எண்ணெய்த்துணி குளிர்ல விறைக்கும், மடிச்ச இடத்துல வெடிக்கும், நெருப்புப் பட்டா சட்டுனு பிடிச்சுக்கும். மடிச்சுப் பையில வச்சுக்கிற மாதிரி, தண்ணி இறங்காத ஒரு துணி கிடைக்கல.

அதுக்கு ஒரு மரத்தோட பால் தேவைப்பட்டது.

அமேசான் காட்டு மக்கள் அந்த மரத்தோட பாலை எடுத்துப் புகையில காட்டிக் காட்டி கெட்டிப்படுத்தி, புட்டி, பந்து, கால்ல போடுற ஜோடு எல்லாம் செஞ்சுகிட்டு இருந்தாங்க. 1730கள்ல தென் அமெரிக்காவுக்குப் போன பிரெஞ்சு அறிவியல் குழுவில் இருந்த லா கோந்தமீன் அதைப் பார்த்து, 1736-ல பாரிஸுக்கு மாதிரி அனுப்பினார். ஐரோப்பாவுல அதை வச்சு என்ன செய்யறதுன்னு ரொம்ப நாள் யாருக்கும் தெரியல. 1770-ல ஜோசப் ப்ரீஸ்ட்லி, ஆமா, ஆக்சிஜன் கதையில வர்ற அதே ப்ரீஸ்ட்லிதான், இது பென்சில் கோட்டை நல்லா அழிக்குதுன்னு குறிப்பு எழுதினார். தேய்க்கிறதுனால ‘ரப்பர்’. உலகத்தையே மாத்தப்போற ஒரு பொருளுக்கு ஸ்கூல் டப்பாவுல இருந்து பேர் வந்தது இப்படித்தான்.

சிக்கல் என்னன்னா, பால் கப்பல்ல வர்றதுக்குள்ள இறுகிடும். இறுகின கட்டியைத் துணியில எப்படித் தடவறது? இங்கேதான் கிளாஸ்கோவுல ரசாயனத் தொழிற்சாலை வச்சிருந்த சார்ல்ஸ் மக்கின்டாஷ் வர்றார். அந்தக் காலத்துல ஊருக்குத் தெருவிளக்கு எரிய நிலக்கரியில இருந்து கேஸ் எடுப்பாங்க. அதுல கழிவா மிஞ்சுறது தார். தாரைக் காய்ச்சினா நாப்தான்னு ஒரு திரவம். அதுல ரப்பர் கரையும். இதை ஜேம்ஸ் சைம்ங்கிற எடின்பரோ மருத்துவ மாணவர் மக்கின்டாஷுக்கு முன்னாடியே கவனிச்சிருந்தார், பின்னாடி அவர் பெரிய சர்ஜன் ஆனார். ஆனா பேடன்ட் வாங்கினது மக்கின்டாஷ், 1823-ல. அவரோட ஐடியா ரொம்ப எளிமை: கரைச்ச ரப்பரை ஒரு துணியில தடவி, மேல இன்னொரு துணியை ஒட்டிடு. ரப்பர் நடுவுல, பிசுபிசுப்பு வெளியே தெரியாது. சாண்ட்விச்.

அவர் பேரே அந்த மழைக்கோட்டுக்குப் பேராயிடுச்சு. இங்கிலீஷ்ல எழுதும்போது அவர் பேர்ல இல்லாத ஒரு ‘கே’ எழுத்து கோட்டுல மட்டும் எப்படியோ வந்து ஒட்டிக்கிச்சு.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா, முதல் பத்து இருபது வருஷம் அது மோசமான சரக்கு. நாத்தம் தாங்காது. குளிர்காலத்துல பலகை மாதிரி விறைக்கும், வெயில் வந்தா பிசினா உருகும். கம்பளித்துணியில இருக்கிற இயற்கை எண்ணெய் ரப்பரை அரிச்சிடும். தையல்காரர் ஊசி குத்தின ஒவ்வொரு ஓட்டை வழியாவும் தண்ணி இறங்கும். கடைசியில கம்பெனியே கோட்டைத் தச்சு, தையலை ஒட்டி வித்தது. அதோட உள்ளே இருக்கிற வேர்வையும் வெளியே போகாது. மழையில நனையாம இருந்துட்டு, சொந்த வேர்வையில நனையறது. இந்தக் குறை அடுத்த 150 வருஷம் போகல.

ஆனா கோட்டாப் போட்டுக்கத்தான் இது கஷ்டம். கீழே விரிச்சு உட்கார, இதைவிடப் பொருத்தமான துணி அதுவரைக்கும் வந்ததே இல்லை. மக்கின்டாஷ் கம்பெனி காத்து ஊதுற தலையணை, மெத்தைன்னு எல்லாம் போட்டுச்சு. 1825-ல ஜான் ஃப்ராங்க்ளின் ஆர்க்டிக் பயணம் போனப்போ, அவங்க கொண்டுபோன ‘வால்நட் ஷெல்’ங்கிற சின்ன மடிப்புப் படகுக்கு மக்கின்டாஷ் துணியைத்தான் போர்த்தியிருந்தாங்க.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் பீட்டர் ஹால்கெட், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1840கள்ல அவர் ஒரு மேலங்கி தயார் பண்ணினார். மழை வந்தா போர்த்திக்கலாம். ஆறு குறுக்கே வந்தா காத்து ஊதினா அதே அங்கி படகாயிடும். கைத்தடி துடுப்பு, குடையை விரிச்சா பாய். கடற்படை பாராட்டிட்டு ‘நமக்குப் பயன்படாது’ன்னு சொல்லிடுச்சு. ஆனா ஜான் ரேங்கிற ஆர்க்டிக் பயணி அவரோட ஊதுபடகு ஒண்ணை நிஜமாவே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார். இன்னைக்கு ‘மல்டி பர்பஸ்’னு போட்டு விக்கிற கேம்பிங் சாமான் எல்லாத்துக்கும் இவர்தான் கொள்ளுத்தாத்தான்னு நான் சொல்வேன்.

உருகுறதும் விறைக்கிறதும் தீர்ந்தது கந்தகத்தால. 1839-ல அமெரிக்காவுல சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினா அது நிரந்தரமா உறுதியாகிடுதுன்னு கண்டுபிடிச்சார். அவர் அனுப்பின மாதிரித் துண்டு ஒண்ணு இங்கிலாந்துல மக்கின்டாஷோட பங்காளி தாமஸ் ஹான்காக் கையில சிக்குச்சு. அவர் நோண்டிப் பார்த்து, கந்தகம்னு பிடிச்சு, 1843-லயே அங்கே பேடன்ட்டுக்கு எழுதிப்போட்டார். குட்இயருக்கு அமெரிக்கப் பேடன்ட் கிடைச்சதே 1844-ல. கடனுக்காகப் பல தடவை சிறைக்குப் போன குட்இயர், 1860-ல சாகும்போதும் கடனாளிதான். அவர் பேர்ல இருக்கிற டயர் கம்பெனி 1898-ல வந்தது, அவர் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதுக்கப்புறம் ரப்பர் ஷீட்டை உலகமெங்கும் பரப்பினது சுற்றுலாப் பயணிங்க இல்லை, போர்தான். 1861-லிருந்து 1865 வரைக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் படை சிப்பாய்களுக்கு ‘கம் பிளாங்கெட்’னு ரப்பர் பூசின ஒரு விரிப்பு கொடுத்தாங்க. ராத்திரி ஈரத்தரையில அதை விரிச்சு, மேல கம்பளியைப் போர்த்திப் படுப்பாங்க. மழையில நடக்கும்போது தோள்ல சுத்திக்குவாங்க. சும்மா இருக்கிற நேரத்துல அதோட பின்பக்கத்துல கட்டம் வரைஞ்சு ‘செக்கர்ஸ்’ விளையாடுவாங்க. தெற்குப் படைக்காரங்களுக்கு இது சுலபமாக் கிடைக்காது, எதிரிகிட்ட இருந்து பிடுங்குற பொருள்கள்ல இதுக்கு நல்ல மதிப்பு.

முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாயோட மூட்டையிலயும் ரப்பர் பூசின ‘கிரவுண்ட் ஷீட்’ இருந்தது. பதுங்குகுழிங்கிறது நம்ம சினிமாவுல காட்டுற மாதிரி காய்ஞ்ச மண் சுவர் இல்லை. பிரான்சு, பெல்ஜியம் குளிர்காலத்துல அது கணுக்கால் வரைக்கும் சேறு. 1914-15 குளிர்காலத்துல மட்டும் பிரிட்டிஷ் படையில சுமார் 20,000 பேருக்கு ‘ட்ரெஞ்ச் ஃபுட்’ங்கிற கால் அழுகல் வந்தது. குண்டு படாமலே காலை எடுக்கவேண்டி வந்தது சிலருக்கு. உட்கார ஒரு காய்ஞ்ச இடம்ங்கிறது அங்கே சௌகரியம் இல்லை, காலைக் காப்பாத்திக்கிற விஷயம். சிப்பாய்ங்க அந்த ஷீட்டைக் கழுத்துல கட்டி மழைக்கோட்டாவும் போட்டுக்கிட்டதுனால, 1917 வாக்குல காலர், பட்டன் வச்சு ரெண்டுக்கும் உதவுற மாதிரியே தயாரிக்க ஆரம்பிச்சாங்க. ஹால்கெட் எங்கேயோ இருந்து சிரிச்சிருப்பார்.

மீதி டெக்னாலஜியை ஓட்டமா முடிச்சிடறேன். வேர்வைப் பிரச்சினைக்கு 1969-ல பாப் கோர் விடை கண்டுபிடிச்சார். டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டுனு வேகமா இழுத்தா அதுல நுண்ணிய துளைகள் விழுது. தண்ணித்துளி நுழைய முடியாது, நீராவி வெளியே போகும். அதான் கோர்-டெக்ஸ். கீழே இறங்குற குளிருக்கு, காத்துக்குமிழி அடைச்ச ஃபோம். 1970களோட தொடக்கத்துல போயிங்ல வேலை போன ரெண்டு இன்ஜினியர்களும் அவங்க நண்பர் ஒருத்தரும் சேர்ந்து, தானா காத்து உறிஞ்சி உப்புற மெத்தையைக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு ட்ரெக்கிங் பையில தொங்குற மடிப்பு மடிப்பான பேட் அந்த வம்சம்தான்.

ஆனா இவ்வளவு நேரம் நான் ஒரு கேள்வியைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். அமெரிக்கச் சிப்பாய், பிரிட்டிஷ் சிப்பாய், பிக்னிக் போற துரைசானி, சைக்கிள் டயர், கார் டயர்... இவ்வளவுக்கும் ரப்பர் எங்கே இருந்து வந்தது? யார் எடுத்தாங்க?

முதல்ல காட்டு ரப்பர். பெல்ஜிய மன்னர் ரெண்டாம் லியோபோல்ட் 1885-லிருந்து 1908 வரைக்கும் காங்கோவைத் தன்னோட சொந்தச் சொத்தா வச்சிருந்தார். அங்கே ரப்பர் கொடியில கிடைக்கும். ஒவ்வொரு கிராமத்துக்கும் இவ்வளவு எடைன்னு கணக்கு. குறைஞ்சா பெண்களைப் பிணையாப் பிடிச்சு வைப்பாங்க, ஊரைக் கொளுத்துவாங்க, கையை வெட்டுவாங்க. ஆலிஸ் சீலி ஹாரிஸ்ங்கிற மிஷனரி 1904-ல எடுத்த ஒரு போட்டோ இருக்கு. நசாலாங்கிற அப்பா தன்னோட அஞ்சு வயசு மகளோட வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் முன்னாடி வச்சுக்கிட்டு, ஒரு தாழ்வாரத்துல உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டு இருக்கார். தேடிப் பார்க்கணுமாங்கிறதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ரோஜர் கேஸ்மென்ட்ங்கிற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி காங்கோ பத்தி எழுதின அறிக்கையும் அதே 1904-லதான் வெளிவந்தது. சில வருஷம் கழிச்சு அவரையே அமேசான் பக்கம் புட்டுமாயோவுக்கு அனுப்பினாங்க, அங்கேயும் அதே கொடுமை.

ரெண்டாவது வழி தோட்டம். 1876-ல ஹென்றி விக்கம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைச்சது மூவாயிரத்துக்கும் கம்மி. அதுல பெரும்பகுதி கன்னுகளைக் கப்பல்ல ஏத்தி இலங்கைக்கு அனுப்பினாங்க. அடுத்த வருஷம், 1877-ல, சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 22 கன்னு. 1888-ல சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாம, பட்டையை மட்டும் மெல்லிசாச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். அவர் பாக்கெட்ல ரப்பர் விதையை வச்சுக்கிட்டு வர்றவன் போறவன்கிட்டல்லாம் ‘நடு, நடு’ன்னு கொடுப்பாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ன்னு பட்டப்பேர். 1896-ல மலாக்காவுல டான் சாய் யான்ங்கிற சீன வியாபாரி அவர் பேச்சைக் கேட்டு முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். கொஞ்ச வருஷத்துல கார் வந்தது. 1910-ல லண்டன்ல ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டுச்சு. மலாயாவுல காட்டை வெட்டித் தள்ளி ரப்பர் நட்டாங்க. கொஞ்ச நாள்ல உலக ரப்பர்ல பாதிக்குப் பக்கம் அங்கே இருந்து போச்சு.

ரிட்லி விதை கொடுத்தார் சரி, பட்டையைச் சீவ ஆள்?

கங்காணி. ஒரு தோட்டத்துல வேலை பார்க்கிற கொஞ்சம் அனுபவமான ஆளைத் துரை அவரோட சொந்த ஊருக்கே அனுப்புவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடுன்னு பஞ்சத்துல அடிபட்ட கிராமங்கள். புதுவேட்டி, கையில கடிகாரம், ‘அங்கே தேங்காய்க்கும் மாசிக்கருவாட்டுக்கும் பஞ்சமில்லை’ங்கிற மாதிரியான பேச்சு. கூட்டிட்டுப் போற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குக் காசு. தோட்டத்துல அந்த ஆளுங்க வேலைக்கு வர்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசுன்னு இன்னொரு காசு. நாகப்பட்டினத்துலயோ சென்னையிலயோ கப்பல் ஏறினா பினாங்குல இறங்கலாம். போனவங்கள்ல பெரும்பகுதி நிலமில்லாத கூலிங்க, தாழ்த்தப்பட்ட சாதிக்காரங்க. ஊர்ல நடக்கமுடியாத தெருவை விட்டுத் தப்பிச்சதே போதும்னு போனவங்களும் அதுல இருந்திருப்பாங்க. அதனால இதை வெறும் ஏமாத்து வேலைன்னு ஒரே வரியில சொல்ல எனக்கு மனசு வரல. இலங்கையில களுத்துறை, கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் இதே மாதிரிதான் போனாங்க.

அவங்க நாள் எப்படி ஆரம்பிக்கும்? விடியறதுக்கு முன்னாடி. லயத்துல இருந்து எழுந்து வந்து, இருட்டுலயே பெரட்டுக்கு வரிசையில நிக்கணும், பேர் கூப்பிடுவாங்க. ஏன் அவ்வளவு சீக்கிரம்னா, பால் நல்லா ஓடுறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடிதான். மரத்துக்குள்ள அழுத்தம் அப்போதான் அதிகம். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைஞ்சுடும். ஒருத்தருக்கு முன்னூறு, நானூறு மரம். ஒவ்வொண்ணுலயும் சாய்வா இருக்கிற பழைய வெட்டு மேல கத்தியை வச்சு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல போகாமச் சீவணும். ஆழமாப் போனா மரம் காயம்பட்டுக் கட்டி கட்டியா ஆயிடும், திட்டு விழும். மேலாகப் போனா பால் வராது, அதுக்கும் திட்டு. சீவி முடிச்சு, மறுபடி முதல் மரத்துல ஆரம்பிச்சு கோப்பையில சொட்டின பாலை வாளியில சேர்த்து, காண்டா போட்டுத் தூக்கிட்டு ஸ்டோருக்கு நடக்கணும். அங்கே ஆசிட் கலந்து உறையவச்சு, ரோலர்ல தட்டையாக்கி, புகைக்கூண்டுல தொங்கவிட்டா, தேன் நிறத்துல ஷீட். அந்த ஷீட் கப்பல் ஏறி இங்கிலாந்து போய், துணியில பூசின இன்னொரு ஷீட்டா மாறும்.

இப்போ கவனியுங்க. இந்த வேலைக்கு ஒரே ஒரு எதிரி மழை. பட்டை ஈரமா இருந்தா பால் வெட்டுவாயில நிக்காம மரம் முழுக்கப் பரவி வழிஞ்சுடும். சீவினதுக்கப்புறம் மழை வந்தா கோப்பை முழுக்கத் தண்ணிதான், பால் அடிச்சிட்டுப் போயிடும். அதனால மழைன்னா வெட்டு இல்லை. வெட்டு இல்லைன்னா நாட்கூலியும் இல்லை, தோட்டத்தைப் பொறுத்துக் கொஞ்சமோ பாதியோ. மலாயாவுல மழைக்குப் பஞ்சமா? உலகத்துல பாதிப்பேர் நனையாம உட்கார வழி பண்ணினவங்க வீட்டுல, மழை பெய்ஞ்சா அன்னைக்கு அடுப்புல எவ்வளவு அரிசி போடறதுன்னு யோசனை. சுதந்திரத்துக்கு அப்புறமும் பல பத்து வருஷம் மலேசியாவுல தோட்டத் தொழிற்சங்கம் கேட்டுக்கிட்டே இருந்த ஒரு கோரிக்கை: ‘நாட்கூலி வேண்டாம், மாசச் சம்பளம் கொடுங்க.’ மழை நாளும் அதுல அடங்கும் இல்லையா.

அந்த மக்கள் சும்மாவும் இருக்கல. 1941-ல கிள்ளான் வட்டாரத்துல ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. கூலி உயர்வு, சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடையை மூடுறதுன்னு கோரிக்கைப் பட்டியல். அதுல ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது: துரையோ கிராணியோ எதிர்ல வந்தா சைக்கிள்ல இருந்து இறங்காம ஓட்டிட்டுப் போக அனுமதி வேணும். சைக்கிள் டயருக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்தவன், அந்த சைக்கிள் மேல உட்கார்ந்திருக்க அனுமதி கேட்கிறான். அரசாங்கம் ராணுவத்தை இறக்குச்சு, துப்பாக்கிச்சூடு நடந்தது, ஆளுங்க செத்தாங்க. தலைவரா இருந்த ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்துனாங்க.

அதே வருஷம் டிசம்பர்ல ஜப்பான் வந்தது. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகிட்டு இருந்த இயற்கை ரப்பர்ல சுமார் 90 சதவீதம் நின்னுபோச்சு. அங்கே பழைய டயர், தண்ணிக்குழாய், மழைக்கோட்டு எல்லாத்தையும் பவுண்டுக்கு ஒரு சென்ட்னு வாங்கிச் சேர்த்தாங்க, அவசர அவசரமா செயற்கை ரப்பர் தொழிற்சாலை கட்டினாங்க. இந்தப் பக்கம் மலாயாவுல மரம் நிக்குது, பால் இருக்கு, வாங்க ஆள் இல்லை. தோட்டம் மூடினா கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அந்தப் பட்டினிக்கு நடுவுலதான் ஜப்பான்காரங்க ரயில்பாதை வேலைக்கு ஆள் கேட்டாங்க. சயாம்ல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். சில மாசம் வேலை, நல்ல கூலி, திரும்பி வந்துடலாம்னாங்க. ஆள் போதலைன்னதும் பிடிச்சிட்டே போனாங்க. தோட்டத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாப் போனாங்க, சில பேர் மனைவி, குழந்தைகளோட.

1943 மழைக்காலம். வேலையை விரைவுபடுத்தச் சொல்லி உத்தரவு. இலைவேய்ந்த, ஒழுகுற கொட்டகை. மூங்கில் பிளாச்சுத் தரை. கீழே சேறு. மே, ஜூன்ல காலரா. போர்க்கைதிகளுக்காவது கூட டாக்டர் இருந்தாங்க, கொதிக்கவச்ச தண்ணிதான் குடிக்கணும்னு கட்டுப்பாடு இருந்தது. தோட்டத் தொழிலாளர் முகாம்ல பெரும்பாலும் அதுவும் இல்லை. பாதை அக்டோபர்ல முடிஞ்சது. போர்க்கைதிகள்ல பன்னிரண்டாயிரத்துக்கும் மேல செத்தாங்க. காஞ்சனபுரியில அவங்களோட கல்லறை வரிசை வரிசையா, பேர் போட்டு, புல்லு வெட்டி, அவ்வளவு சுத்தமா இருக்கு. ஆசியத் தொழிலாளர்கள்ல செத்தவங்க எண்ணிக்கைக்கு ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு. 90,000ங்கிறது அதிகமா மேற்கோள் காட்டப்படுற எண். அதுல தமிழர்கள் எத்தனைங்கிறதுல சண்டை இன்னும் தீரல. பேர் போட்ட கல்லறை அவங்களுக்குக் கிடையாது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தோட ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தேடிப் படிங்க. தோட்ட வாழ்க்கைக்கு அகிலனோட ‘பால்மரக் காட்டினிலே’.

போருக்கு அப்புறம் உட்கார்ற ஷீட்டுல இருந்து ரப்பர் மெதுவா வெளியே போயிடுச்சு. பிவிசி வந்தது, பாலிஎத்திலீன் வந்தது, நைலான் மேல பாலியூரித்தேன் பூச்சு வந்தது. இப்போ உங்க பையில இருக்கிறதுல மரத்துப்பால் அநேகமா ஒரு சொட்டுகூட இருக்காது. அந்த நீலத் தார்ப்பாய் முழு பெட்ரோலியம். மலேசியாவுலயும் பல ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமா மாறிடுச்சு, லயத்துல இருந்த குடும்பங்கள் டவுனோட ஓரத்துக்கு நகர்ந்துடுச்சு.

ஆனா ரப்பர் வெட்டு நிக்கல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே, குலசேகரம் பக்கம், ஜூன் மாச மழையில போனா ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்புல ஒரு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பாங்க. மேல இருந்து பட்டை வழியா இறங்குற மழைத்தண்ணி அதுமேல ஓடி வெளியே விழுந்துடும். உள்ளே வெட்டும் கோப்பையும் நனையாது. மழை விட்டதும் வெட்டுக்காரர் பாவாடையைத் தூக்கிப் பார்த்துட்டு, கத்தியை வைப்பார். அன்னைக்குக் கூலி உண்டு.